நூற்று நாற்பத்து மூன்றாவது பெயர்

சத்தியம் தம்பி, சத்தியம், சத்தியம்! மூன்று தடவை சொல்லிவிட்டேன். இனி நம்பாவிட்டால் அது உங்கள் பொறுப்பு. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து நான் ஒரு சொல் பொய் சொன்னாலும் இந்த வண்டியின் நாலு டயரும் வெடிக்கட்டும். என்ன, ஆறு டயரா? சரி, ஆறும் வெடிக்கட்டும்.

நீங்கள்தானே கேட்டீர்கள், சட்டையில் குத்தியிருக்கிற இந்தப் பித்தளை விளக்கு என்ன என்று? கிணத்துக்கடவில் ஏறியதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். சொல்கிறேன். உடுமலைப்பேட்டை வருவதற்குள் முடித்துவிடுவேன். நான் அங்கே இறங்க வேண்டும். நீங்கள் பழனி வரைக்கும் போகிறவர், சௌகரியமாகக் கேட்கலாம்.

இது லாந்தர் சங்கத்துச் சின்னம். அகில உலக லாந்தர் சங்கம். தொண்ணூறு தேசத்தில் கிளை இருக்கிறது. உடுமலையிலும் இருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பேருக்கு முன்னால் ‘லாந்தர்’ போட்டுத்தான் கூப்பிட வேண்டும். லாந்தர் குழந்தைவேலு, லாந்தர் ஆறுச்சாமி, இப்படி. கூட்டம் ஆரம்பிக்கும்போது மேஜைமேல் ஒரு லாந்தரை ஏற்றுவோம், முடிந்ததும் அணைப்போம். நடுவில் சேவை. வருஷத்துக்கு ஒரு ஏழைப் பெண்ணுக்குத் தையல் மிஷின் கொடுப்போம். அதற்கு ஏழு விழா நடக்கும். மிஷின் கொடுக்கப்போவதாக அறிவிக்கிற விழா, கொடுக்கிற விழா, கொடுத்தவருக்குப் பாராட்டு விழா, பாராட்டியவருக்கு நன்றி சொல்கிற விழா... அந்தப் பெண் நாலாவது விழாவுக்கு வரமாட்டாள். தைக்க வேலை இருக்கிறது என்பாள். விவரம் தெரியாத பெண்.

எல்லா விழாவுக்கும் அழைப்பிதழ் அடித்தவன் நான். ஸ்ரீ வேலவன் அச்சகம், தாராபுரம் ரோடு. முப்பத்தேழு வருஷம் தம்பி. அழைப்பிதழ் அடிப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். யார் பேர் முதலில், யார் பேர் கொட்டை எழுத்தில், யார் பேருக்குக் கீழே யார் பேர் வந்தால் அவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்பதெல்லாம் இந்த மண்டைக்குள் இருக்கிறது. யார் கோபித்தால் விழா நின்றுபோகுமோ அவர் பேரை எங்கே போடவேண்டும் என்று ஒரு சூட்சுமம் உண்டு. அது எனக்குத் தெரியும். கோயமுத்தூரிலேயே நாலு பேருக்குத்தான் தெரியும்.

சங்கத்துக்கு நான் செயலாளர் வேறு. மேடையில் பேசுகிறவர்களுக்கு ‘அவர்களே, அவர்களே’ பட்டியல் எழுதிக் கொடுப்பதும் நான்தான். ‘விழாவுக்குத் தலைமை தாங்கும் இன்னார் அவர்களே, முன்னிலை வகிக்கும் இன்னார் அவர்களே...’ ஆயிரம் மேடையில் பத்தாயிரம் பேரை அழைத்திருக்கிறேன்.

என் பேரா? என் பேர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அழைப்பிதழின் அடியில் கடுகு மாதிரி எழுத்தில் அச்சகத்தின் பேர் வரும், அவ்வளவுதான். பட்டியல் எழுதுகிறவன் அதில் தன் பேரை எழுதினால் நன்றாக இருக்குமா? மற்றவர்களாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. சேர்க்கமாட்டார்கள். ஏனென்றால் ஊரில் ஒருத்தனுக்கும் என் பேர் தெரியாது. எல்லோருக்கும் நான் ‘பிரஸ்காரர்’. சங்கத்து ரிஜிஸ்டரிலேயே ‘வேலவன் பிரஸ்’ என்றுதான் போட்டிருக்கிறது. தபால்காரரும் பிரஸ்காரரே என்பார். என் சம்சாரம் அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் என்ன என்று கேட்டால் கார்டை நீட்டிவிட்டு விட்டத்தைப் பார்ப்பாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு என் பேரைச் சத்தமாகச் சொன்ன ஆளே கிடையாது.

அதற்காக எனக்குப் பேர் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சபலம் எனக்குக் கிடையாது. கிடையவே கிடையாது. ஒரே ஒரு தடவை, ஒரு மேடையில், ஒரு மைக்கில் என் பேரைச் சொன்னால் போதும் என்று இருந்தேன். அது ஆசையா? நியாயம்.

எங்கள் குழந்தைவேலுவைத் தெரியுமா? நூல் மில் முதலாளி. தங்கமான மனுஷன், ஆனால் மேடை என்றால் செருப்பை விட்டுவிட்டுக்கூட ஏறிவிடுவார். அவர் ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார்.

“ஏனுங் பிரஸ்காரரே, இந்த வருஷம் உலக மாநாடு பின்லாந்து தேசத்துலீங்க. ஹெல்சிங்கின்னு ஊர். நான் உலக இயக்குநர் பதவிக்கு நிக்கறனுங்க.”

“நில்லுங்க.”

“மூணு நிமிஷம் பேசோணும். அப்புறந்தான் ஓட்டு. பேச்சை நீங்க எழுதோணும். உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.”

என் காதில் மற்றதெல்லாம் விழவில்லை தம்பி. உலக மேடை, உலக மைக். அங்கே போய்ப் பட்டியல் எழுதுகிறவன் நான். உலகத்துப் பேரையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், ஓரமாக, ஒரு பேர். யாருக்குக் குறைந்துபோகும்?

ஹெல்சிங்கிக்கு நாங்கள் ஏழு பேர் போனோம். குழந்தைவேலு, நான், பொருளாளர் ஆறுச்சாமி, இன்னும் நாலு பேர். ஜூலை மாசம். எல்லோரும் குரங்குக் குல்லாய். ஆளுக்கு மூன்று கிலோ புளியோதரைப் பொடி. அந்த ஊரில் வெயில் காலத்தில் பொழுதே சாயாது தம்பி. இந்த ஆறுச்சாமி வியாழக்கிழமை விரதக்காரர். பொழுது சாய்ந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். நாங்கள் போய் இறங்கியது வியாழக்கிழமை. மனுஷன் ஹோட்டல் படியில் உட்கார்ந்து சூரியனைப் பார்க்கிறார், சூரியன் இவரைப் பார்க்கிறது. இறங்கமாட்டேன் என்கிறது. மூன்று நாள் தம்பி! நாங்கள் எல்லோரும் சனிக்கிழமைக்குப் போய்விட்டோம். அவர் ஒருத்தர் மட்டும் வியாழக்கிழமையிலேயே இருந்தார்.

அது வேகத்தடை தம்பி. டயர் இல்லை. பயப்படாதீர்கள்.

மாநாட்டு மண்டபம் நம் உடுமலை சந்தைப்பேட்டையைப்போல் பத்து மடங்கு. அங்கே ஒரு நல்ல பழக்கம், எல்லோரும் தங்கள் பேரை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். டீ ஊற்றுகிற அம்மாகூட. எனக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். ‘உடுமலைப்பேட்டை நகர லாந்தர் சங்கம், கோவை மண்டலம், தமிழ்நாடு, இந்தியா’ என்று எழுதியதிலேயே இடம் தீர்ந்துவிட்டது. என் பேருக்கு மூலையில் இரண்டு எழுத்து, இனிஷியல் மட்டும். போகட்டும், எனக்கு அந்தச் சபலம் கிடையாது.

இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றினேன். அட்டை தொங்குகிற ஒரு நெஞ்சையும் விடவில்லை. தலைவர், துணைத் தலைவர்கள், தொண்ணூறு தேசத்துப் பிரதிநிதிகள், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஏழு பாஷையில் மொழிபெயர்க்கிறவர்கள், மைக் பார்க்கிறவர், நாற்காலி போடுகிறவர். அப்புறம் ஒரு அம்மா. அறுபது வயசிருக்கும், வெள்ளைக்காரப் பாட்டியம்மா. மேடைக்கு முன்னால் தனியாக ஒரு மேஜை, அதன்மேல் ஒரு லாந்தர். பேசுகிறவருக்குப் பச்சை வெளிச்சம் எரிய விடுவாள். மூன்று நிமிஷம் ஆனால் பொத்தானை அமுக்குவாள். சிவப்பு வரும், மைக் செத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு மாநாட்டிலும் அவள்தானாம் விளக்கு. மந்திரியாவது, மகாராஜாவாவது, ஒருத்தருக்கும் ஒரு விநாடி கூடுதலாகக் கொடுத்ததில்லையாம். எல்லோரும் அவளை ‘விளக்கு’ என்றே சொன்னார்கள். நான் குனிந்து அட்டையைப் பார்த்தேன். ஆய்லி கொர்ஹோனென். எழுதிக்கொண்டேன்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். யார் கோபித்தால் விழா நின்றுபோகும்? அதுதான் சொன்னேனே, சூட்சுமம். கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். மூன்று நிமிஷத்தில் நாற்பத்து நாலு பேர் ஓடுகிறது. அந்த அம்மா பேரை நாற்பத்து மூன்றாவதாகப் போட்டேன்.

மொத்தம் நூற்று நாற்பத்து இரண்டு பேர் வந்தது. கடைசியில் இன்னொன்றையும் எழுதினேன். அழகாக, நிறுத்தி, வருஷக்கணக்காகக் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய கையால் எழுதினேன். நூற்று நாற்பத்து மூன்று.

அதற்கப்புறம் நாலாம் பக்கத்தில், எங்கள் ஊரில் ஏதோ கண் ஆஸ்பத்திரி கட்டவேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. குழந்தைவேலு சொல்லச் சொன்னது. அது கிடக்கட்டும்.

மறுநாள் காலை பேச்சு. மூன்று பேர் போட்டி. முதலில் கனடாக்காரர். குடிதண்ணீர், கிராமம், கிணறு என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நல்ல பேச்சுதான், ஆனால் ஒருத்தர் பேரையும் சொல்லவில்லை. சபையில் ஒரு கைதட்டல்கூட விழவில்லை. இரண்டாவது உள்ளூர்க்காரர். எழுந்தார். “என்னால் முடிந்ததைச் செய்வேன்” என்றார். உட்கார்ந்துவிட்டார்! மீதி இரண்டே முக்கால் நிமிஷம் அந்த விளக்கு சும்மா பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஆறாயிரம் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது எங்கள் ஆள். வேஷ்டி, சட்டை, தோளில் அங்கவஸ்திரம், தலையில் மட்டும் குரங்குக் குல்லாய். கழற்ற மறந்துவிட்டார். தாளைப் பிரித்தார். இங்கிலீஷில்தான், ஆனால் ராகம் நம் ராகம். “மேடையில் வீற்றிருக்கும் மாண்புமிகு உலகத் தலைவர் அவர்களே!” தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நைஜீரியா தேசத்திலிருந்து வந்திருக்கும் இன்னார் அவர்களே! பெரு தேசத்துச் செயல்வீரர் இன்னார் அவர்களே!” பேர் விழ விழ அங்கங்கே ஒரு தலை துள்ளுகிறது. இருபது, முப்பது, நாற்பது. ஆறுச்சாமி என் தொடையைக் கிள்ளுகிறார்.

“யோவ் பிரஸ்காரரே, பேச்சு எப்பய்யா ஆரம்பிக்கும்?”

“பொறுங்க. இதுதான் பேச்சு.”

“விளக்குக்காரி கையைத் தூக்கிட்டாய்யா!”

தூக்கிவிட்டாள். விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலு, மூச்சை இழுத்து, சிங்கம் மாதிரி: “இருபத்திரண்டு ஆண்டுகளாக நமக்கெல்லாம் வெளிச்சம் காட்டும் திருமதி ஆய்லி கொர்ஹோனென் அவர்களே!”

விரல் அப்படியே நின்றது.

தம்பி, நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அந்த அம்மா விரலைப் பார்த்தாள். குழந்தைவேலுவைப் பார்த்தாள். பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா! மொழிபெயர்ப்புக்காரர்கள் பேர் வந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒருத்தர் தன் பேரைத் தானே ஸ்பானிஷ் பாஷையில் மொழிபெயர்க்க முடியாமல் விக்கி விக்கி அழுகிறார், அது ஆறாயிரம் காதில் கேட்கிறது. மைக் பார்க்கிறவர் பேர் வந்ததும் அவர் சத்தத்தைக் கூட்டிவிட்டார். டீ ஊற்றுகிற அம்மா, நாற்காலிக்காரர், ஒருத்தரும் பாக்கியில்லை. பதினொரு நிமிஷம்! சபையில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள், தன் பேர் எப்போது வரும் என்று. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தொன்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கூப்பிட்டால் கும்பிட வேண்டுமே, கையைச் சேர்த்தும் வைத்துக்கொண்டேன். நூற்று நாற்பத்து இரண்டு.

குழந்தைவேலு தாளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். தாளை மடித்தார்.

“மற்றும் பெயர் விட்டுப்போனவர்களே! வணக்கம், நன்றி!”

மண்டபம் இடிந்தது தம்பி, கைதட்டலில். கண் ஆஸ்பத்திரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஓட்டு எண்ணினார்கள். கனடாவுக்கு நானூறு, உள்ளூர்க்காரருக்கு அறுநூறு, மீதி அத்தனையும் எங்கள் ஆளுக்கு. அன்றைக்குப் பிறகு உலக மாநாடு மூன்று நாளிலிருந்து ஐந்து நாளாகிவிட்டது. முதல் இரண்டு நாள் வெறும் ‘அவர்களே’தான். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

“கடைசி ஒரு பேரை உட்டுட்டீங்களே?”

“அதா? நானே சொல்லோணும்னு இருந்தேனுங். உங்க பட்டியல்ல எவனோ ஊர் பேர் தெரியாதவன் பேர் ஒண்ணு பூந்திருச்சு. நம்மூர்ப் பேராட்டம் இருந்துது. நான் ஆருன்னே கேள்விப்பட்டதில்லை. உலக மேடையில தெரியாத ஆளைக் கூப்பிட்டா அசிங்கமில்லீங்களா? சமாளிச்சுட்டேன் பாத்தீங்களா!”

“நல்லாச் சமாளிச்சீங்க” என்றேன். முப்பத்தொரு வருஷம் தினம் பார்க்கிற முகம் தம்பி.

ஊருக்கு வந்தோம். உடனே பாராட்டு விழா. உலக இயக்குநருக்கு உடுமலையே திரண்டு பொன்னாடை போர்த்துகிற விழா. அழைப்பிதழ் யார்? நான்தான். குழந்தைவேலு சென்னையில் வேறு பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. எண்பத்து நாலு பேர் போட்ட அழைப்பிதழ். நடுவில் குழந்தைவேலு போட்டோ பெரிதாக. போட்டோவுக்குக் கீழே, ‘பாராட்டுப் பெறுபவர்’ என்று போட்டு, ஒரு பேர் அடிக்க வேண்டும்.

நான் அடிக்கவில்லை தம்பி. விரல் அடித்துவிட்டது.

மறுநாள் கமிட்டி மொத்தமும் புரூப் பார்க்க வந்தது. பதினாறு பேர். ஆறுச்சாமி மூக்குக்கு நேரே வைத்துத் தன் பேரைத் தேடினார். “இனிஷியல் சரியா இருக்குது” என்று கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் தன் பேரை ஆறுச்சாமி பேரோடு ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். பதினாறு பேரும் பார்த்தார்கள், பதினாறு பேரும் தங்கள் பேரைப் பார்த்தார்கள். இரண்டாயிரம் அழைப்பிதழ் போனது. ஊரில் வீட்டுக்கு வீடு போனது. ஒருத்தனாவது கேட்கவேண்டுமே? ஊஹூம்.

விழா அன்றைக்கு மண்டபம் நிரம்பி வழிகிறது. தொகுத்து வழங்க நெல்லையிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்திருந்தார்கள். உள்ளூரில் ஒருத்தரையும் அறியாதவர். அழைப்பிதழில் என்ன இருக்கிறதோ அதைக் கணீரென்று படிப்பார். நான் ஏழாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே. மேடையில் குழந்தைவேலு ஜரிகை வேஷ்டியோடு. கீழே இருநூறு பேர் பொன்னாடையோடு வரிசையில். நெல்லைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

“உடுமலை மண்ணின் மைந்தர், உலகமே கொண்டாடும் உத்தமர், உலக இயக்குநர் லாந்தர் பி. அங்கமுத்து அவர்களைப் பாராட்டைப் பெற்றுக்கொள்ள வருக வருக என்று அழைக்கிறேன்!”

மண்டபம் முழுக்க விழுந்தது தம்பி. அங்கமுத்து, அங்கமுத்து என்று சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. என்னைப் பெற்ற அய்யன் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. சனம் கைதட்டியது. குழந்தைவேலுவும் கைதட்டினார்! யாரோ வருகிறார் என்று வாசலைப் பார்த்தார்.

நான் எழுந்திருக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? எழுந்தால் தெரிந்துபோகுமே! ‘பிரஸ்காரன் தன் பேரைத் தானே அடித்துக்கொண்டான்’ என்று காறித் துப்பமாட்டார்களா? நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நெல்லைக்காரர் விடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார், இன்னும் நீட்டி. முப்பத்தொரு வருஷம் ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தவன், மூன்று தடவை கேட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. குழந்தைவேலு மேடையிலிருந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஓடினேன். காதோடு கேட்டார்.

“ஏனுங் பிரஸ்காரரே, ஆருய்யா இந்த அங்கமுத்து? எங்கியோ பாத்த பேராட்டம் இருக்குது.”

“அச்சுப் பிழைங்க.”

“இவ்வளவு பெரிய பிழையா?”

“மன்னிச்சுக்கோங்க” என்றேன். நெல்லைக்காரர் திருத்திப் படித்தார், இருநூறு பொன்னாடையும் குழந்தைவேலுமேல் விழுந்தது. மனுஷன் துணிக்குள்ளே காணாமலே போய்விட்டார்.

ஆனால் ஊர் விடவில்லை. யார் இந்த அங்கமுத்து? தாராபுரம் சங்கத்து ஆள், சதி என்றார்கள் சிலர். அவர் எப்போதோ செத்துப்போன உறுப்பினர், ஆவி என்றார்கள் சிலர். ஆறுச்சாமி, “எனக்கு நல்லாத் தெரியும், சேலத்துக்காரர், கொஞ்சம் முன்கோபி” என்றார். மூன்று பேர் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குச் செயலாளர் நான். ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாசம் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பேரை நூறு தடவை சொல்கிறார்கள். நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். டீ, வடை எல்லாம் உண்டு.

இதோ, கோமங்கலம் தாண்டிவிட்டது. நான் இறங்க வேண்டிய இடம் வரப்போகிறது. தம்பி, ஒரு உபகாரம். வண்டி இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அந்தப் பேரை ஒரு தடவை சொல்லுங்கள் பார்ப்போம், என் மூஞ்சியைப் பார்த்து. வெட்கப்படாதீர்கள். ‘லாந்தர்’ சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆ. போதும்.

பையை எடுத்துக் கொடுங்கள். இந்தக் கதையைப் பழனியில் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நாற்பது பேருக்குச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஆனால் யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் சொன்னார் என்று சொல்லுங்கள். பேர் என்ன என்று கேட்பார்கள். கேட்க விட்டுப்போச்சு என்று சொல்லிவிடுங்கள்.